கோலாலம்பூர் புழுக்கத்தில் காக்கர் ஸ்பேனியல்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

காக்கர் ஸ்பேனியல் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாரம் தவறாமல் அதன் காதைத் தூக்கிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்குமா? இருக்கும் என்றால் மேலே படியுங்கள். அழகு, நிறம், விலை எல்லாம் அப்புறம். நம் ஊர்க் காற்றில் இந்த நாயை வளர்ப்பது என்பது பெரும்பாலும் அதைக் காய்ந்த நிலையில் வைத்திருக்கும் வேலைதான். காது, அக்குள், விரலிடுக்கு, உதட்டு மடிப்பு, வயிற்று முடி இவை ஈரமில்லாமல் இருந்தால் கிளினிக் செலவில் பெரும்பகுதி மிச்சம். குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இதை அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் ஊரில் அவர்கள் நாய் வளர்ப்பதில்லை.

செந்தூலில் எங்கள் தெரெஸ் வீட்டில் மைலோ என்று ஒரு பழுப்பு நிற இங்கிலீஷ் காக்கர் இருக்கிறான். கீழே எழுதியிருப்பது அவனை வளர்த்துப் பழகியதும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

எந்தக் காக்கர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைகளில் "காக்கர்" என்று மட்டும் சொல்வார்கள். உண்மையில் இரண்டு இனங்கள் உண்டு. இங்கிலீஷ் காக்கர் தோள் வரை சுமார் 38 முதல் 41 சென்டிமீட்டர் உயரம், எடை 13, 14 கிலோ, முகவாய் கொஞ்சம் நீளம். அமெரிக்கன் காக்கர் அதைவிடச் சிறியது, தலை உருண்டை, மூக்கு குட்டை, முடி ரொம்ப அடர்த்தி. ஒரே வேரிலிருந்து வந்தவைதான், ஆனால் அமெரிக்கன் கென்னல் கிளப் 1946இல் இங்கிலீஷ் காக்கரைத் தனி இனமாகப் பிரித்துப் பதிவு செய்தது. என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இங்கிலீஷ் காக்கர்தான். அமெரிக்கன் காக்கரின் முடியை இந்தப் புழுக்கத்தில் பராமரிப்பது பெரிய வேலை, மாதம் தவறாமல் குரூமிங் கடைக்குப் போக முடியும் என்றால் மட்டும் அதை நினைத்துப் பாருங்கள். கேவலியர் என்ற சின்ன ஸ்பேனியலும் இங்கே கிடைக்கும், பார்க்கவே மனசு இளகும், ஆனால் அந்த இனத்துக்கு இதய வால்வு நோய் மிக அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

காக்கர் 12 முதல் 14 வருடம் வாழும். இன்று உங்கள் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு என்றால், அது படிவம் ஐந்தை முடித்து மேற்படிப்புக்குப் போகும் வரை இந்த நாய் வீட்டில் இருக்கும்.

குணம்

புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை நாய் இது. அந்த வேலை போய்விட்டது, மூக்கு போகவில்லை. வெளியே கூட்டிப் போனால் மூக்கு தரையை விட்டு எழாது, வால் நிற்காது, ஒரு மைனா தரையில் இறங்கினால் போதும், நீங்கள் பின்னால் இழுபட்டுக்கொண்டு போவீர்கள். அதனால் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது.

இன்னொன்று, இது ஆள் பக்கத்தில் வேண்டும் என்று ஏங்கும் நாய். தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு நாய் என்றால் வாசலில் கட்டிக்கிடக்க வேண்டியது, மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டு இரவெல்லாம் குரைக்க வேண்டியது. எங்கள் அத்தை வரும்போதெல்லாம், "ஏன்டா, நாயைப் போய் ஹால்ல படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்பார். காக்கரைப் பொறுத்தவரை பதில் எளிது: போர்ச்சில் கட்டிவைத்தால் அது கத்தியே ஓய்ந்துபோகும், பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், கொசுவும் உண்ணியும் போதாக்குறைக்கு. வீட்டில் எல்லாரும் காலை ஏழுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறீர்கள் என்றால் தயவுசெய்து இந்த இனம் வேண்டாம்.

அதட்டினால் சுருண்டுவிடும். சின்னத் தின்பண்டத் துண்டு கொடுத்துச் சொல்லிக்கொடுத்தால் எதையும் கற்கும். சாப்பாட்டுத் தட்டையோ திருடிய காலுறையையோ காத்துக்கொண்டு உறுமும் பழக்கம் சில காக்கர்களுக்கு உண்டு. பிடுங்காதீர்கள். அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். குட்டியிலேயே இப்படிப் பழக்கிவிட்டால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தாலும் பயமில்லை.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

எட்டு வாரம் ஆகாத குட்டியை எடுக்காதீர்கள். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியின் காதை மெல்லத் தூக்கி மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகருங்கள், புளித்த வாடை வரக்கூடாது. தாயின் காதையும் அப்படியே பாருங்கள், தடித்துச் சிவந்திருந்தால் அந்த வம்சத்தில் காதுத் தொல்லையும் ஒவ்வாமையும் இருக்க வாய்ப்பு உண்டு.

பிறகு டிஎன்ஏ சோதனைத் தாள். காக்கருக்கு இரண்டு பரம்பரை நோய்கள் முக்கியம். ஒன்று பிஆர்ஏ, விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் பகலிலும் போகும். இன்னொன்று இங்கிலீஷ் காக்கரின் சிறுநீரக நோய், இளம் வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து நாய் இறந்துவிடும். இரண்டுமே தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். பெற்றோர் இருவரும் பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்து, பழுதை மட்டும் சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால்தான் "அப்பா அம்மா ரெண்டும் சூப்பரா இருக்கு பாருங்க" என்ற பேச்சை நம்பக்கூடாது. பெற்றோரில் ஒன்று முழுக்கச் சுத்தம் என்று தாள் சொன்னால் போதும், குட்டிக்கு அந்த நோய் வராது.

வளர்ந்த காக்கரைத் தத்தெடுப்பதையும் யோசியுங்கள். எஸ்பிசிஏ போன்ற காப்பகங்களுக்கு இன நாய்களும் வந்து சேர்வதுண்டு, குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது பெரிய வசதி.

லைசன்ஸும் அக்கம்பக்கமும்

கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி என்று அந்தந்த நகர மன்றத்தில் நாய் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எந்த மாதிரி வீட்டில் எத்தனை நாய் என்ற வரம்பு மன்றத்துக்கு மன்றம் மாறும், விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பக்கத்து யூனிட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறதே என்பது அனுமதி ஆகாது.

மலாய் அண்டை வீட்டார் இருந்தால் அவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவ வேண்டியிருக்கும், தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் அது பெரிய சிரமம். காக்கரோ எல்லாரையும் நக்கிப் பார்க்கப் பாயும். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், மலத்தை எடுக்கப் பை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். எங்கள் வரிசையில் எல்லாரோடும் நல்லுறவு இருப்பதற்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் காரணம்.

காது

இதை நிதானமாகப் படியுங்கள்.

நாயின் காதுத் துளை நம்முடையதுபோல நேராக உள்ளே போவதில்லை. முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, அப்புறம் வளைந்து செவிப்பறையை நோக்கிப் போகும். காக்கருக்கு அதன் மேல் கனமான மடல் மூடிபோலத் தொங்குகிறது, மடலின் உள்பக்கமும் முடி, துளைக்குள் மெழுகுச் சுரப்பிகளும் அதிகம். நம் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் என்ற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது.

வாரம் ஒரு முறை, குளித்த பிறகு ஒரு முறை, இப்படிச் செய்யுங்கள். கால்நடை கிளினிக்கில் விற்கும் காது கழுவும் திரவத்தையே வாங்குங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால் சில்லிப்புப் போகும், நாய் துள்ளாது. குளியலறையில் சுவரோரமாக உட்கார வைத்து மடலைத் தலைக்கு மேல் மடக்கிப் பிடியுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள், அப்புறம் முகருங்கள். நல்ல காதின் உட்புறம் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும், வாடை ஏதும் இருக்காது. பாட்டில் முனை காதைத் தொடாமல் துளை நிறையும் அளவுக்குத் திரவத்தை ஊற்றுங்கள், பயந்து பயந்து இரண்டு சொட்டு விட்டால் பயனில்லை. மடலைப் பிடித்தபடியே காதின் அடியில், தாடை எலும்புக்குப் பக்கத்தில், ஒரு குழாய்போல விரலுக்குத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் திரவம் அடி வரை போயிருக்கிறது. இப்போது விட்டுவிடுங்கள், அது தலையை உதறும், சுவரெல்லாம் தெறிக்கும், அதற்குத்தான் குளியலறை. உதறும்போது அடியில் இருந்த அழுக்கு மேலே வந்துவிடும். பஞ்சை விரலில் சுற்றி, விரல் எட்டும் இடம் வரை மட்டும் துடையுங்கள். கடைசியில் மடலைச் சில நிமிடம் தூக்கிப் பிடித்துக் காற்றுப் படவிடுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

காட்டன் பட் போடாதீர்கள், அழுக்கை வளைவுக்கு உள்ளே தள்ளிவிடும். நம் வீடுகளில் காதுவலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் உண்டு, நாய்க்கு நல்லெண்ணெயும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். வினிகர், ஸ்பிரிட் எதுவும் கூடாது, புண்ணான தோலில் பட்டால் எரியும், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் காதைத் தொட விடாது.

தலையை அடிக்கடி உதறுகிறதா, ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறதா, காதைச் சொறியும்போது முனகுகிறதா, காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு வருகிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நீங்கள் கழுவ வேண்டாம், கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சாதாரணத் திரவம்கூட உள்காதைக் கெடுக்கும். மருத்துவர் அழுக்கைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஈஸ்டா பாக்டீரியாவா என்று தெரிந்துகொண்டு மருந்து தர வேண்டும், பார்க்காமல் தந்தால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. போன தடவை மிச்சமிருந்த சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். ஆறினாற்போல ஆறி மறுபடி மறுபடி வந்தால் பெரும்பாலும் அடியில் உணவு ஒவ்வாமையோ தூசி ஒவ்வாமையோ இருக்கும், அதைத் தேட வேண்டும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் துளை தடித்து, சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு காதுத் துளையையே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. அந்தச் சிகிச்சைக்கு அதிகம் ஆளாகும் இனங்களில் காக்கர் முன்வரிசை.

அன்றாடம் ஒரு சின்ன உபாயம்: சாப்பாடும் தண்ணீரும் குறுகிய வாயுள்ள, உயரமான கிண்ணத்தில் வையுங்கள். மூக்கு உள்ளே போகும், காது இரண்டும் வெளியே தொங்கும், குழம்பிலும் தண்ணீரிலும் நனையாது.

குளியலும் முடியும்

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டினால் போதும். குளிப்பாட்டும் முன் சிக்கெடுங்கள், தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். காதுக்குப் பின்னால், அக்குள், பின்தொடை, இந்த மூன்று இடத்திலும்தான் சிக்கு பிடிக்கும். கம்பிப் பிரஷால் மேலே வாரிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், இரும்புச் சீப்பு தோல் வரை தடையில்லாமல் போக வேண்டும். நாய் ஷாம்பு மட்டும்.

துவட்டிவிட்டு அப்படியே விட்டால் நம் ஊரில் உள்முடி மணிக்கணக்கில் காயாது. டிரையரை இளஞ்சூட்டில், முடிந்தால் சூடில்லாமல், தோலைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் தட்டாத வரை போடுங்கள். ஈரத்தோடு படுத்தால் மறுநாள் வாடை வரும், சில சமயம் ஓரிடத்தில் முடி ஒட்டிக்கொண்டு அடியில் தோல் சிவந்து நீர் வடியும் புண் வந்துவிடும், அது ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்குப் பரவும்.

வெயிலாயிற்றே என்று மொட்டையடித்துவிடலாமா? வேண்டாம். ஒட்ட வழித்த காக்கரின் முடி சில நேரம் பஞ்சுபோல மாறி வளரும், சிக்கு இரட்டிப்பாகும். குரூமரிடம் முதுகை அளவாக, வயிறு, மார்பு, காலில் தொங்கும் நீள முடியைக் குட்டையாக, காது மடலின் உள்பக்கத்தையும் விரலிடுக்கையும் நன்றாக ஒட்டக் குறைக்கச் சொல்லுங்கள். கீழுதட்டு மடிப்பில் எச்சிலும் சாப்பாடும் தங்கி நாறும், தினமும் ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். வாய்நாற்றம் என்று பலர் நினைப்பது இந்த மடிப்பைத்தான்.

நடை, வெயில், மழை

இங்கே பொழுது விடிவது ஏழு மணி வாக்கில். ஏழிலிருந்து எட்டுக்குள் ஒரு நடை, மாலை ஏழுக்கு மேல் ஒரு நடை. நடுவில் வேண்டாம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நகரப் பூங்காக்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை, நுழையும் முன் பலகையைப் பாருங்கள். தேச பார்க்சிட்டி பூங்கா நாய்களுக்கு இடம் கொடுப்பதால் வார இறுதியில் அங்கே நல்ல கூட்டம். புகைமூட்டக் காலத்தில் ஐபியு எனும் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிநடையைக் குறைத்துக்கொண்டு, பழைய டவலைச் சுருட்டி உள்ளே தீனியை ஒளித்துத் தேடவிடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் காக்கர் நடந்ததுபோலவே களைத்துப் படுக்கும்.

மூச்சு வாங்குவது நிற்காமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாயின் சாதாரண உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியை வைத்து, அப்படியே காரில் ஏசி போட்டுக் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

மழை விட்டதும் லோங்காங் (சாக்கடை) ஓரமாகத் தேரைகள் வரும். காக்கர் விடாது, கவ்விப் பார்க்கும், உடனே வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயின் பக்கவாட்டில் ஓடவிட்டு ஈறையெல்லாம் துணியால் துடைத்தெடுங்கள், பிறகு மருத்துவர்.

ஊசியும் உண்ணியும்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோவுக்கான ஊசி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள், லோங்காங்கும் எலியும் உள்ள ஊரில் அதைத் தவிர்க்கக் கூடாது. வெறிநாய்க்கடி ஊசியையும் கேளுங்கள், 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் அந்த நோய் தலைகாட்டியது. கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் மருந்து, உண்ணிக்கும் அப்படியே. இதற்கு விடுமுறை மாதம் கிடையாது, நமக்குக் குளிர்காலம் இல்லை. நடை முடிந்ததும் காது மடலின் ஓரம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சாப்பாடும் பண்டிகையும்

வளர்ந்த காக்கருக்கு இரண்டு வேளை, அளந்து. அது எப்போதுமே பட்டினி கிடந்ததுபோலத்தான் பார்க்கும், நம்பாதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை என்றால் தீனியைக் குறையுங்கள்.

தீபாவளி வாரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. லட்டு, கேசரி, பாயசத்தில் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொஞ்சம்கூடக் கூடாது. சாக்லேட், வெங்காயம், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் போடும் சைலிட்டால், வெந்த கோழி எலும்பு, ஆட்டெலும்பு எல்லாமே ஆபத்து. திறந்த வீட்டு விருந்துக்கு வரும் பிள்ளைகள் அன்பாக ஊட்டிவிடுவார்கள், எல்லாரிடமும் சொல்லி ஓய முடியாது, அந்த நேரத்தில் நாயை ஓர் அறையில் விசிறியும் மெல்லும் பொம்மையும் கொடுத்து விட்டுவிடுங்கள். பட்டாசுக்கும் அதே அறைதான், சன்னலை மூடித் திரையை இழுத்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வையுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவையும் குறித்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் தீ கோங் என்ற சீனத் தெய்வத்தின் வழிபாட்டுக்கு வெடிக்கும் வெடியில் நாய் கேட்டைத் தாண்டி ஓடிவிடக்கூடும், அதனால் மைக்ரோசிப்பும் தொலைபேசி எண் பொறித்த வில்லையும் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது காப்பகத்தில் விடுவதாக இருந்தால், அங்கே தினமும் குளிப்பாட்டுவோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். குளிப்பாட்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். காது திரவம், சீப்பு, உண்ணி மருந்து கொடுத்த தேதி, இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்கின் எண், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள். திரும்பி வந்து கூட்டிக்கொள்ளும்போது கவுன்டரிலேயே இரண்டு காதையும் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.